கப்பல் போய்ச் சேந்துட்டு

பொன்மாரிக்கு அந்த விரல்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மேலோட்டமான பிடிக்காமை இல்லை, அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிற பிடிக்காமை. சேர்மத்துரை பொரிச்ச பரோட்டாவை நொறுக்கிச் சால்னாவில் முக்கினான், வாய்க்குக் கொண்டு போகிற வழியிலேயே பேச்சும் பேசினான், அதே கையால் பகடையை எடுத்து உருட்டினான். பகடை உருண்ட இடமெல்லாம் மேஜை விரிப்பில் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி எண்ணெய் மினுங்கியது. கட்டின புருஷன்தான். நல்ல மனுஷன் என்றுதான் ஊரே சொல்லும், அவளும் கேட்டால் அப்படித்தான் சொல்லுவாள். ஆனாலும் அந்தக் கட்டைவிரல் நகத்தடியில் வெங்காயம் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, அவளுடைய கண் அதை விட்டு நகர மாட்டேன் என்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆனால் போதும், தூத்துக்குடியில் இந்த மாடி வீட்டு முன்னறையில் நாலு பேர் இந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நட்சத்திரங்களுக்கு நடுவே போய்விடுவார்கள். தாயம் மாதிரி பகடை உண்டு, ஆனால் கட்டம் கிடையாது, காய் கிடையாது, வாயால் சொல்லுவதுதான் ஆட்டம். சேர்மத்துரை கதையை நடத்துகிறவன். எதிரே என்ன இருக்கிறது, எவன் வருகிறான் என்பதெல்லாம் அவன் சொல்லித்தான் தெரியும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். ஐஸ் கம்பெனி சூப்பர்வைசர் பெலிக்ஸ் துப்பாக்கிக்காரன். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற கோமதிநாயகம் மெக்கானிக். பொன்மாரி பைலட், வலம்புரி என்கிற கப்பலை ஓட்டுகிற பவளம். நடக்குமா நடக்காதா என்கிற இடம் வந்தால் இரண்டு பகடையை உருட்டி, விழுந்ததோடு அவரவர் திறமையைக் கூட்டிக்கொள்ள வேண்டும், எட்டு தேறினால் நடந்தது. பவளத்துக்குக் கப்பல் ஓட்டுகிற திறமை நாலு. அந்த மேஜையில் வேறு எவருக்கும் எதிலும் நாலு கிடையாது. அந்த நாலை இன்றுவரைக்கும் ஒரு தடவைகூட அவள் கூட்டிப் பார்த்தது கிடையாது.

ஏனென்றால் கப்பல் கிளம்பும், கப்பல் போய்ச் சேரும். அவ்வளவுதான். எந்தச் சந்திரனுக்குப் போனாலும், எந்த இருட்டைத் தாண்டினாலும் சேர்மத்துரை ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான், கப்பல் போய்ச் சேந்துட்டு என்று. பால் பொங்கிட்டு, மோட்டார் போட்டாச்சு என்கிற மாதிரி. அதற்குப் பிறகு பெலிக்ஸ் சுடுவான், கோமதி எதையாவது கழற்றி மாட்டுவான், அவள் கப்பலிலேயே உட்கார்ந்திருப்பாள். இறங்கிப் போய்த்தான் என்ன செய்ய. இத்தனைக்கும் இந்த மனுஷன் வேலை பார்க்கிறது கப்பல் ஏஜெண்டு ஆபீஸில். துறைமுகத்துக்குள் கப்பலைக் கூட்டிக்கொண்டு வர பைலட் படகில் ஏறிப் போகிறாரே, அந்தப் பைலட் ஒருவர் வரப் பிந்தினால் வெளியே நங்கூரம் போட்ட கப்பல் அப்படியே கிடக்கும், இவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுகிற வரைக்கும் அந்தப் பைலட்டை வைதுகொண்டே இருப்பான். அப்படிப்பட்டவனுக்கு இந்த மேஜையில் மட்டும் பைலட் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கும் மேலே இன்றைக்கு ஒரு முடிவு கேட்கிறார்கள். எல்லோரும் அடிபட்டுக் கிடக்கிறோம், காயத்தைப் பார்க்க ஆள் இல்லை, பைலட்டை விட்டுவிட்டு மதினி டாக்டர் ஆகிவிடட்டும் என்று பெலிக்ஸ் சொன்னான். சேர்மத்துரை டாக்டருக்கான தாளைத் தானே எழுதியும் வைத்துவிட்டான். டாக்டர் மல்லிகா. பேரைக்கூட அவனே வைத்துவிட்டான், நீ சும்மா வாங்கிக்கிட்டாப் போதும் பிள்ள என்றான். ஆட்டம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். டாக்டர் இல்லையென்றால் இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை, அடுக்களைக்கும் மேஜைக்கும் நடக்கலாம், டீ போடலாம். தாள் அவளுக்கு முன்னால் கிடந்தது. அதன் ஓரத்தில் சால்னா ஒரு சொட்டு. அவள் வேலை பார்ப்பது கண் ஆஸ்பத்திரியில். காலையில் போனால் பீளை, சீழ், ஒட்டிக்கொண்ட இமை, பெண்டாட்டி கண்ணில் விழுந்த தூசியை ஊதி எடுக்கப்பார்த்து இன்னும் சிவக்கவைத்துக்கொண்டு வருகிற புருஷன்மார். அதைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து, அதிலிருந்தும் கிளம்பி, இத்தனை கோடி மைல் தாண்டிப் போய், அங்கேயும் பெலிக்ஸுக்குக் கட்டுப் போட வேண்டுமாம்.

அவள் கேட்காமல் இல்லை. கேட்டுக் கேட்டு நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம். கப்பலை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் பெலிக்ஸுக்குக் குறி பார்க்க லேசாக இருக்குமே, அதற்கு நான் பகடை போடலாமா என்று ஒருநாள் கேட்டாள். அவன் சுடுததுக்கு அவனே போட்டுக்கிடுவான் என்றான் துரை. கல்லும் தூசியும் சுற்றுகிற வளையம் ஒன்று வந்ததே, அதற்குள் புகுந்து போவது சும்மாவா என்றாள். அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கிடும் என்றான். எவனாவது நம்மைத் துரத்தக் கூடாதா, குறுக்குவழி நீண்டவழி என்று இரண்டு இருந்து எதில் போகட்டும் என்று என்னிடம் கேட்கக் கூடாதா, எரிபொருளைக் குறைத்து வைத்துப் பயம் காட்டக் கூடாதா என்று இரவுச் சாப்பாட்டில் தயிரை ஊற்றிக்கொண்டே கேட்டாள். சரி சரி என்றான். சொன்ன மாதிரியே அடுத்த வாரம் துரத்தவும் விட்டான். அப்போது அவள் அடுக்களையில் டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். நாலு கிளாஸைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து நின்றால், மூன்று பேரும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீ வர நேரமாவும்னு உனக்கும் சேத்து நானே போட்டுட்டேன் பிள்ள, பத்து விழுந்துச்சு, தப்பிச்சாச்சு என்றான். பத்து. கூட்டுவதற்கு முன்னாலேயே பத்து, அவளுடைய நாலைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. அவளும் சிரித்தாள். அதுதான் இப்போது நினைத்தால் குமட்டுகிறது. அவன் விரலைவிட, பெலிக்ஸ் பல் குத்திக்கொண்டிருக்கிற குச்சியைவிட, அந்தச் சிரிப்புதான். டீ ஆறுது, குடிங்க என்று வேறு சொன்னாள். அந்தச் சிரிப்பு இன்னும் கன்னத்துக்கு உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நாக்கால் தடவினால் தட்டுப்படுகிறது, பழைய வெற்றிலைக் காவி மாதிரி.

காரிலும் அப்படித்தான். லைசன்ஸ் இருக்கிறது, போட்டோவில் முழித்துக்கொண்டு இருக்கிறாள். திருச்செந்தூர் போனாலும் சரி, கோவில்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, நீ உக்காரு நான் ஓட்டுதேன். பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய வலதுகால் மிதியடியைப் போட்டு அழுத்திக்கொண்டே வரும், இல்லாத பிரேக்கை. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவான், அவளுடைய கெண்டைக்கால் கல்லாகும். இறங்கினால் கால் வலிக்கும், ஓட்டினவனுக்கு ஒன்றும் இருக்காது. ஒருநாள் சாவியைக் கேட்டாள். குடுக்கேனே என்று முகமலர்ச்சியாகத்தான் சொன்னான், இன்னைக்குக் கூட்டமா இருக்கு பைபாஸ்ல ஓட்டலாம் என்றான், பைபாஸ் வந்ததும் இங்க லாரியா வரும், ஊருக்குள்ள ஓட்டலாம் என்றான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம். ஆனால் அவளுக்கு உள்ளே அதைவிட மோசமான ஒரு பயம் கிடந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டு அடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். மாஸ்டர் வெற்றிலை மென்றுகொண்டு, காலை அதன்மேல் வைத்துக்கொண்டு, வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார். நல்லா ஓட்டுத பிள்ள என்பார். எந்தத் திருப்பத்தில் வண்டி நின்றது தன் காலால், எந்தத் திருப்பத்தில் அவர் காலால் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. ஆடு குறுக்கே வந்ததே, அன்றைக்கு நிறுத்தியது யார். தானா, அந்த வெற்றிலை வாயா. டெஸ்டில் தேறியது அவளா, அவரா. நாலு என்று தாளில் எழுதியிருக்கிறது, அந்த நாலு யாருடைய நாலு. கேட்காத வரைக்கும் அது நாலுதான். ஒரு தடவை உருட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால். அப்படியானால் இத்தனை நாளும் துரை தனக்கு நல்லதுதான் செய்திருக்கிறானா, மூடி வைத்து. அந்த நினைப்பு வந்ததும் வாயில் எச்சில் ஊறியது, கசப்பாக. அவள் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். டம்ளரிலும் யாரோ எண்ணெய்க் கையோடு பிடித்த தடம்.

வெளியே வெயில் காய்ந்தது. எங்கிருந்தோ கருவாட்டு வாடை வந்து சால்னா வாடையோடு சேர்ந்துகொண்டது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை, வாடைதான் சுற்றியது. ஆட்டத்தில் இப்போது பெலிக்ஸும் கோமதியும், கல்லும் தூசியும் வளையமாகச் சுற்றுகிற ஒரு சந்திரனில் சந்தைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தச் சந்தைக்கு மேலே கண்ணாடிக் கூரை, கூரைக்குள்ளேதான் மூச்சுவிடக் காற்று. பொழுது சாய்ந்தால் சந்தையை முடித்துக் கூரையைத் திறந்துவிடுவார்கள், அதற்குள் எல்லோரும் அவரவர் கப்பலில் ஏறிவிட வேண்டும் என்று சேர்மத்துரை வந்த உடனேயே சொல்லியிருந்தான். சொல்லியும் பெலிக்ஸ் ஒரு துப்பாக்கிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான், மீன் ஏலத்தில் நிற்கிறவன் மாதிரி, நீ சொல்லுத விலைக்கு உன் சந்திரனையே வாங்கிருவேனே என்று. கடைக்காரனாக சேர்மத்துரை குரலை மாற்றிப் பேசினான், பேசும்போது பரோட்டாத் துகள் பறந்தது, ஒன்று அவள் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. ஈரமாக. அவள் அதைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரம் ஒரு மனுஷி இதைப் பார்க்க முடியும் என்று பார்ப்போம் என்கிற மாதிரி. டாக்டர் மல்லிகா ஆனால் இதைத் துடைத்துக்கொள்ளலாம், துடைப்பதுதானே வேலை. சரி என்று சொல்லிவிடலாமா. சொல்லிவிட்டால் தீர்ந்தது, எல்லோருக்கும் சந்தோஷம், உருட்டிப் பார்க்க வேண்டியதும் இல்லை, தோற்க வேண்டியதும் இல்லை. சரி என்கிற வார்த்தை உதட்டுக்கு வந்தேவிட்டது. அதற்குள் சேர்மத்துரைக்குப் பேரம் அலுத்துவிட்டது. கடைசித் துண்டை வழித்து வாயில் போட்டான், விரலை ஒவ்வொன்றாகச் சப்பினான், சப்பிக்கொண்டே, வழக்கமாகச் சொல்லுகிற மாதிரி, நினைக்காமல் சொன்னான்.

"சரி, துப்பாக்கி உனக்குத்தான். கப்பல் கெளம்பி அடுத்த ஊருக்குப் போய்ச் சேந்துட்டு."

முதலில் கோமதிநாயகத்துக்குத்தான் உறைத்தது. அந்த மேஜையில் ஒரு வழக்கம் உண்டு, அதைக் கொண்டுவந்ததே அவன்தான். பெலிக்ஸ் எதையாவது சொல்லிவிட்டு, சும்மா சொன்னேன், அதைச் செய்யலை என்று மாற்றி மாற்றிப் பேசுவான், ஆட்டம் நகராது. அதனால் வாயிலிருந்து விழுந்தால் நடந்தது நடந்ததுதான், திரும்ப எடுக்கக் கூடாது என்று வைத்தார்கள். விளையாட்டாக ஒரு கதவுக்குள் கையைவிட்டேன் என்று சொல்லி, பெலிக்ஸின் துப்பாக்கிக்காரனுக்கு இடதுகையே போய்விட்டது, அழுதும் திரும்பக் கிடைக்கவில்லை. கதை நடத்துகிறவனுக்கும் அதே சட்டம்தான்.

"நாங்க இன்னும் சந்தையிலல்லா நிக்கோம் மாப்ள," என்றான் கோமதி, மெதுவாக.

சேர்மத்துரை சப்பின விரலோடு அப்படியே இருந்தான். கப்பலில் இருந்தது யார். பொன்மாரி ஒருத்திதான், எப்போதும் இருக்கிற மாதிரி. கப்பல் கிளம்பிவிட்டது, போயும் சேர்ந்துவிட்டது. இரண்டு பேர் கூரைக்கு அடியில், பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. பெலிக்ஸ் பல் குத்துவதை நிறுத்திவிட்டு, எல துரை எங்களக் கொன்னுட்டியே என்றான், சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இத்தனை நாள் வளர்த்த ஆள் அவனுக்கு, ஒரு கை போயும் வளர்த்த ஆள். சேர்மத்துரை அதற்குள் சுதாரித்துக்கொண்டான். இதுல என்ன இருக்கு, கப்பல் திரும்பி வந்து ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு என்று ஆரம்பித்தான். ஆரம்பித்துக்கொண்டே கை பகடையின்மேல் போய்விட்டது, தானாக. அதைப் பார்த்ததும் பொன்மாரிக்குள் இதுவரைக்கும் தொண்டையில் நின்றது மேலே வந்தது. வாந்தியாக வருமோ என்று பயந்தாள். பேச்சாகத்தான் வந்தது.

"இருங்க. அத நீங்க சொல்லாதீங்க. கப்பல்ல இருக்கது நானு. வளையத்துக்கு வெளிய சுத்தி வந்தா அவங்க செத்துருவாங்க, நடுவுல பூந்து வரணும். நான் ஓட்டுதேன். அதக் குடுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கம்ப்யூட்டர் என்று சொல்ல வாயெடுத்தான், கோமதி மாப்ள என்று ஒரு சொல் சொன்னான், அதோடு மூடிக்கொண்டான். இரண்டு பகடையையும் அவள் உள்ளங்கையில் வைத்தான். வெதுவெதுப்பாக, வழுக்கலாக, நேற்று வைத்த குழம்பிலிருந்து எடுத்த எலும்பு மாதிரி. அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். குழாயைத் திறந்து, பாத்திரச் சோப்பைப் போட்டு, புள்ளி ஒவ்வொன்றிலும் நகத்தைக் கொடுத்துத் தேய்த்தாள். புள்ளிக் குழிகளுக்குள் மஞ்சள் போகவே மாட்டேன் என்றது. கழுவக் கழுவப் பயம் ஏறியது. இப்போதுகூட வேண்டாம் என்று விட்டுவிடலாம், நீங்களே போடுங்க என்று சொன்னால் அவன் சந்தோஷமாகப் போடுவான், பத்துதான் விழும், அவனுக்கு எப்போதும் பத்துதான் விழும். முன்னறையில் மூன்று ஆண்கள் பேசாமல் இருந்தார்கள். இஞ்சி தட்டுகிற நேரம்கூட இப்படி யாரும் அவளுக்காகப் பேசாமல் இருந்ததில்லை. திரும்பி வந்தாள். துடைக்கத் துணி எடுத்து வரவில்லை. டாக்டர் மல்லிகாவின் தாள் கிடந்தது. அதை எடுத்துப் பகடையைப் பொதிந்து, நன்றாக ஒற்றி ஒற்றித் துடைத்தாள். மை கலைந்தது, கசங்கின தாளை எச்சில் பொட்டலத்தோடு சேர்த்துப் போட்டாள். சேர்மத்துரை பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

உருட்டினாள். ஒன்று உடனே நின்றுவிட்டது, இரண்டு. மற்றது மேஜை ஓரம் வரைக்கும் ஓடிப்போய், தண்ணி டம்ளரில் முட்டி நின்றது. ஒன்று. இரண்டும் ஒன்றும் மூன்று, நாலைக் கூட்டினால் ஏழு. கோமதி உதட்டால் எண்ணினான். எட்டுக்கு ஒன்று குறைச்சல். அவளுக்குக் காது அடைத்தது. அவ்வளவுதானா, இதற்குத்தானா, அந்த வெற்றிலை வாய்க்காரர் காலால்தானா இத்தனை நாளும். அப்போது சேர்மத்துரை அவள் தோளில் கைவைத்தான். பாசமாகத்தான் வைத்தான், சால்னா மணக்கிற கை.

"ஒண்ணுதானே பிள்ள குறையுது. எட்டுன்னு வச்சிக்கிடுவோம். கப்பல் போய்ச்—"

"சொல்லாதீங்கன்னேம்லா," என்றாள். "வாயில இருந்து விழுந்தா நடந்ததுன்னா, கையில இருந்து விழுந்ததும் நடந்ததுதான். ஏழுன்னா ஏழு. கப்பலுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

கையை எடுத்துக்கொண்டான். அவளுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று யோசித்துச் சொல்ல வேண்டிய வேலை அவனுக்கு இதுதான் முதல் தடவை. அப்புறம் சொன்னான், பாதி குரலில், கல் ஒன்று இடதுபக்கம் அடித்துவிட்டது என்றும், அந்தப் பக்கத்து எஞ்சின் போய்விட்டது என்றும், கப்பல் வளையத்துக்கு நடுவே தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கிறது என்றும். கீழே சந்தையில் விளக்கை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள் என்றும் சொன்னான். வாயை அவன் துடைக்கவில்லை, மீசையில் துகள் இருந்தது, அது அவளுக்கு இப்போதும் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அதைப் பார்க்கவில்லை. சுற்றுகிற கப்பலைப் பார்த்தாள். இடதுபக்கம் இல்லை என்றால் நேராகப் போக முடியாது. நேராகப் போக முடியாவிட்டால் வளைந்து போகலாம், வலதுபக்கத்தைக் கொஞ்சம் கொடுத்துக் கொடுத்து, விட்டு விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் சந்தை முன்னால் வருகிற நேரம் மட்டும் ஒரு தள்ளு. பிந்தும். எவ்வளவு பிந்தும் என்று தெரியாது. அவள் காலுக்குக் கீழே வேறு யாருடைய காலும் இல்லை.

பெலிக்ஸ் மேஜைமேல் குனிந்திருந்தான். கோமதி கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

"மதினி," என்றான் பெலிக்ஸ். "இப்போ என்ன செய்யப்போறீங்க?"

"சுத்திக்கிட்டேதான் வாரேன்," என்றாள் பொன்மாரி, பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு. "கூரையத் தொறந்துட்டாம்னா பயந்து ஓடாதீங்க, ஓடினா இருக்க காத்து சீக்கிரம் தீந்துரும். ரெண்டு பேரும் தரையில படுத்து மூச்சக் கொஞ்சங் கொஞ்சமா விடுங்க."

பெலிக்ஸ் வாயை மூடிக்கொண்டு, மூக்கால், மெதுவாக மூச்சுவிட்டான்.